மஞ்சள் புள்ளியைச் சரிபார்க்கத் தாம்பரம் போனது

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை ஆறு நாற்பது, வியாழக்கிழமை. கையில் ஒரு துணிப்பையும் ஒரு தகரப் பெட்டியும். பெட்டியில் வெர்னியர் அளவுகோல், ஆறு ஸ்பேனர்கள், பல்சக்கரத்தை அச்சிலிருந்து இழுத்தெடுக்கும் புல்லர், நகைக்கடையில் மோதிரம் சுற்றித் தரும் ரோஸ் நிற மெல்லிய தாள் நான்கு. ரயிலில் நான் பெட்டியைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்ததை எதிர் இருக்கைப் பெண்மணி கவனித்துவிட்டு, "பல் டாக்டருங்களா?" என்று கேட்டார். இல்லை, பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என்றேன். "அதுவும் நல்ல வேலைதானுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

கோவையிலிருந்து நான் வந்தது ஒரு மோட்டார் சைக்கிளுக்காக. பர்மிங்காமில் செய்த, எழுபது வயதை நெருங்கும் ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அது என் நண்பன் ரகுவினுடையது. ரகுவும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவன் வங்கிக்குப் போய், செம்பாக்கத்தில் வீடு கட்டி, ஓய்வுக்குப் பக்கத்தில் வந்தபின் இந்த வண்டியை வாங்கினான். சென்ற ஆண்டு அதை ரயில் பார்சலில் எனக்கு அனுப்பினான். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டித் திருப்பி அனுப்பினேன்.

மூன்று வாரத்துக்கு முன் பழனி என்ற மெக்கானிக் அந்த வண்டிக்குக் கிளட்ச் கேபிள் மாற்றினார். மறுநாள் காலை ரகு ஸ்டார்ட் செய்ய உதைத்தபோது பெடல் திருப்பி அடித்தது. வலது கணுக்காலில் விரிசல், மாவுக்கட்டு. அன்று மாலையே, இந்தப் பக்கத்துப் பழைய வண்டிக்காரர்கள் முப்பத்தொரு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ரகு பேசிப் பதிவிட்டான்: பழனி டைமிங்கைக் கலைத்துவிட்டான், அவனிடம் யாரும் வண்டியைக் கொடுக்காதீர்கள். குழுவில் இரண்டொருவர், எதற்கும் இன்ஜின் பூட்டிய கோயமுத்தூர்காரர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றார்களாம். வண்டியைச் சரிசெய்வது ஒரு வேலை; பழனி கைவைத்தாரா என்று சொல்வது இன்னொரு வேலை.

நிலையத்துக்குக் கிழக்கே ஒரு ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி எங்கள் ஊரில் அபூர்வம். உதிர்த்துப்போட்ட வடையை மறுபடி குழம்பாக்கியதுபோல இருக்கிறது. குற்றம் சொல்ல முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர் பரிமாறுபவரிடம், "இன்னாபா, சட்னிக்கு இன்னொரு தபா மனு போடணுமா?" என்றார். பரிமாறுபவர் வாளியோடு வந்து, "மனு நேத்தே சாங்ஷன் சார்" என்று ஊற்றிவிட்டுப் போனார். கோவையில் இதே சட்னியை இரண்டு 'ங்க' போட்டுத்தான் கேட்டிருப்பார்கள். சட்னி வரும் வேகத்தில் வித்தியாசமில்லை.

கேம்ப் ரோடு சந்திப்பில் ஆட்டோ பதினேழு நிமிடம் நின்றது. தலைக்கு மேல் விமானப் படையின் பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாக வட்டமடித்தது. ஆட்டோக்காரர் அண்ணாந்து பார்த்து, "அவனுக்கு மட்டும் சிக்னல் இல்ல" என்றார்.

ரகு சோபாவில் காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மாலதி பள்ளி ஆசிரியை. கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "வாங்கண்ணா. காபி டேபிள்ல இருக்கு. கால் அங்க இருக்கு. ரெண்டையும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

"அவளுக்கு உன் மேலதான் கோபம்" என்றான் ரகு. "நீ இன்ஜின் பூட்டித் தரலைன்னா நான் வண்டியே ஓட்டியிருக்க மாட்டேனாம். விடு. நீ பழனி என்ன பண்ணான்னு பாரு."

வண்டி போர்ட்டிகோவில் பழைய படுக்கை விரிப்பு போர்த்தி நின்றது. டைமிங் தொடர்பான எல்லாம் இன்ஜினின் வலப்பக்க மூடிக்குள் இருக்கிறது. எனக்கு ஒரு தொழிற்சாலைப் பழக்கம் உண்டு: நான் பூட்டும் மூடி ஒவ்வொன்றிலும் ஒரு திருகின் தலையையும் மூடியையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். யாராவது திறந்தால் கோடு உடையும். இதை ரகுவிடம் சொன்னதில்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். என் மனைவியின் அரக்கு நிறப் பூச்சு. கோடு முழுசாக இருந்தது.

மணி ஒன்பது பத்து. வந்து அரை மணிகூட ஆகவில்லை. பாதி வேலை முடிந்துவிட்டது. பழனி அந்த மூடியைத் தொடவே இல்லை.

"என்னடா, தெரிஞ்சுதா?" என்று ரகு உள்ளேயிருந்து கேட்டான்.

"நாளைக்கு அளந்து பாக்கறேன்" என்றேன். அளக்காமல் எதையும் சொல்வதில்லை என்பது என் கொள்கை. அன்று அந்தக் கொள்கை எனக்கு வசதியாகவும் இருந்தது.

மாலையில் செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். ஆகாயத்தாமரை பாதி, தண்ணீர் பாதி. இரண்டு பேர் கைவீசி நடந்தபடி யாரோ ஒருவருடைய மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு சுற்று முடிந்து மறுபடி எதிர்ப்பட்டபோதும் அதே மருமகள். வீட்டில் குடிநீர் கேனில் வருகிறது. சிறுவாணித் தண்ணீர் குடித்த நாக்குக்கு அதில் எந்த ருசியும் படவில்லை. நாட்குறிப்பில் அப்படியே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூடியைத் திறந்தேன்.

டைமிங் என்றால் இவ்வளவுதான்: பிஸ்டன் ஏறி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே தீப்பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். இந்த வண்டிக்கு உச்சிக்குப் பதினொரு மில்லிமீட்டர் கீழே. அதைவிட முன்கூட்டி விழுந்தால், ஏறிவரும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும். பெடல் உதைத்த காலுக்கே திரும்பும். பொறி உண்டாக்கும் மேக்னட்டோவில் இரண்டு தொடுமுனைகள் உண்டு. அவை பிரியும் கணத்தில் பொறி. நடுவில் நகைக்கடைத் தாளைச் செருகி இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். தாள் இளகி வெளியே வரும் இடம்தான் பொறி விழும் இடம். அந்த நேரத்தில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைப் பிளக் துளை வழியாக ஒரு கம்பியை இறக்கி அளக்கலாம்.

மூன்று முறை அளந்தேன். பதினேழு. பதினேழு. பதினாறே முக்கால்.

சென்ற ஆண்டு நாட்குறிப்பையும் கொண்டுவந்திருந்தேன். இன்ஜினைப் பிரிக்குமுன் எழுதிய பக்கத்தில் இப்படி இருந்தது: "மேக்னட்டோவை ஓட்டும் பல்சக்கரத்தின் மீது ஒரு மஞ்சள் பெயிண்ட் புள்ளி, அதற்கு நேரே இன்ஜின் உடலில் இன்னொன்று. இரண்டும் நேராகும்போது பிஸ்டன் உச்சிக்கு 17 மி.மீ. கீழே. கையேடு சொல்வது 11. முன்பு பூட்டிய மெக்கானிக் இன்றைய பெட்ரோலுக்கேற்பக் கூட்டியிருக்கிறார் போலும். அனுபவஸ்தர். அவர் குறித்த இடத்திலேயே பொறி விழும்படி பூட்டுவது."

என் கையெழுத்து. தேதி, நேரம், அறை வெப்பநிலைகூட இருந்தது.

இந்தப் பல்சக்கரத்தை அச்சில் ஒரே நிலையில் நிறுத்தும் ஆப்பு கிடையாது. எந்த நிலையிலும் இறுக்கலாம். பூட்டுபவன் அளந்து வைப்பதுதான் அளவு. நான் அளக்கத் தவறவில்லை. அளந்தேன், எழுதினேன், ஆறு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு காரணத்தை நானே கற்பித்து அதையும் எழுதினேன்.

அந்தப் புள்ளி யாருடையது என்று தெரிய வேண்டியிருந்தது. ரகுவைக் கேட்டேன். "எனக்கு முன்னாடி இது சேலையூர்ல ஒரு இன்ஜினியர்ட்ட இருந்துச்சு. அவர் வண்டிக்குப் பாத்தவனும் பழனிதான். அவர் சொல்லித்தான் நானே அவன்கிட்ட போனேன்" என்றான்.

பழனி கடை வைத்திருக்கும் பெரும்பாக்கத்துக்குக் கிளம்பினேன். மேடவாக்கம் வரை பஸ். சந்தோசபுரம் தாண்டியதும் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், நடத்துநர் இறங்கி ஓட்டுநரைப் பார்த்தார், பிறகு எல்லோரும் இறங்கினோம். "பின்னாடி வர்ற வண்டில ஏறிக்கோங்க" என்றார் நடத்துநர். பின்னாடி வந்த வண்டியில் கால் வைக்க இடமில்லை. ஒரு அம்மா காய்கறிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "தெனம் ஒரு வியாதி இந்த பஸ்ஸுக்கு. பேஜாரு" என்று நடக்கத் தொடங்கினார். நானும் நடந்தேன். இருபத்திரண்டு நிமிடம். பிறகு ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக, தகரப் பெட்டியை மடியில் வைத்தபடி.

பெரும்பாக்கத்தில் ஒரே அளவில் மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன; சன்னலுக்குச் சன்னல் துணி காய்கிறது. அங்கே இருப்பவர்கள் நகரத்து ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள். பழனியின் கடை மெயின் ரோட்டில், ஒரு டீக்கடையை ஒட்டி, மேலே தார்ப்பாய். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒரு ஸ்கூட்டர் டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வண்டி ஒன்றுகூட அங்கே இல்லை.

யார் என்று சொன்னதும் நிமிரவில்லை. "கோயமுத்தூர் சாரா? தீர்ப்பு சொல்ல வந்துகினு கீறீங்கன்னு கேள்விப்பட்டேன். சொல்ட்டுப் போங்க. மூணு வாரமா பஞ்சர்தான் ஒட்டிகினு கீறேன்; இன்னும் மூணு வாரம் ஒட்டுறேன்."

"நீங்க அந்த மூடியத் திறக்கலைன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றேன். நகப்பூச்சைப் பற்றிச் சொன்னேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். "அத ரகு சாராண்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல. ஒண்ணு கேக்கணும். அந்தப் பல்சக்கரத்துல மஞ்சள் புள்ளி வெச்சது நீங்களா?"

"ஆமா. நான்தான்."

"எதுக்கு பதினேழு மில்லிமீட்டர்ல வெச்சீங்க?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. டியூப்பைத் தொட்டியில் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னா பதினேழு? அது பொட்டு சார்."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"இன்ஜினு மூடறதுக்கு முன்ன கற்பூரம் காட்டி, மேலாக்க எது தெரியுதோ அதுக்கு ஒரு பொட்டு, ஒடம்புக்கு ஒரு பொட்டு. சந்தனம் வெச்சா ஆயில்ல கரஞ்சு பூடும். அதான் மஞ்ச பெயிண்டு. கிளட்சுக்குள்ள கூட ஒண்ணு கீது, பாக்கலியா?"

கிளட்சிலும் ஒன்று இருந்தது. 'பயன் தெரியவில்லை' என்று எழுதிவைத்திருக்கிறேன். பழனி கடைசியாகப் பூட்டி முடித்தபோது பிஸ்டன் எங்கே நின்றதோ, அதுதான் அந்தப் பதினேழு. வேறு அர்த்தமில்லை.

நான் செய்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். டீக்கடை அக்காவும் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டார். "புக்குல பதினொண்ணுன்னு போட்டிருக்கு, அத வுட்டு என் பொட்ட பாத்து வெச்சீங்களா?" என்றார் பழனி. "என் மேல அவ்ளோ நம்பிக்கையா சார் உங்களுக்கு?"

டீக்கடை அக்கா சிரித்தார். பழனி சிரிக்கவில்லை. வண்டிக்குத் தன் பட்டறையில்தான் டைமிங் வைக்க வேண்டும், அந்த வீட்டு வாசலில் கால் வைக்க மாட்டேன், ரகு சாரும் கூட வரவேண்டும் என்றார். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை; அது உபசாரமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பியதும் ரகுவிடம் சொன்னேன். நாட்குறிப்புப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டினான்.

"சரி. நீ டைமிங்க சரி பண்ணிடு. குரூப்ல எதுக்குச் சொல்லணும்? வண்டி சரியாயிடுச்சுன்னு மட்டும் போட்டுடறேன். பழனிகிட்ட நான் பாத்துக்கறேன். ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

"அவருக்கு மூணு வாரமா வேலை வரலடா."

"உன் பேரு கெட்டுப்போகும், சண்முகம். உனக்காகத்தான் சொல்றேன்."

இதை நான் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்தக் குழுவில் மூன்று பேர் தங்கள் இன்ஜினை எனக்கு அனுப்பப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் செய்த பம்பில் குறை கண்டுபிடித்தவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து மாலதியின் குரல் வந்தது. "அந்தாளு கேபிள் போட்டுட்டு, 'லீவர நல்லா பின்னாடி வச்சு ஒதைங்க சார்'னு எத்தன தடவ சொல்லிட்டுப் போனாரு. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். இவர் கேட்டாரா?"

பொறியைத் தாமதப்படுத்த வண்டியின் கைப்பிடியில் ஒரு சிறு லீவர் உண்டு. அதைப் பின்னே தள்ளி உதைத்ததால்தான் இத்தனை நாள் பதினேழுகூட ரகுவை விட்டிருக்க வேண்டும்; அன்று அவன் தள்ளவில்லை. ஆனால் அது என் தவறைக் குறைக்காது; அப்படியே ரகுவிடம் சொன்னேன். மாலதி தோசை வைத்தார். எனக்கு மூன்று, அவனுக்கு இரண்டு.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு லோடு ஆட்டோ வந்தது. வண்டியைக் கயிறு போட்டுக் கட்டினோம். ரகு முன்னால், காலை வெளியே நீட்டியபடி; நான் பின்னால், வண்டியைப் பிடித்தபடி. ஒவ்வொரு வேகத்தடையிலும் ரகு "ஐயோ" என்றான். ஓட்டுநர், "சார், வண்டிக்கு அடி பட்டுச்சா, உங்களுக்கா?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்கும்" என்றான் ரகு.

பழனி எழுந்து வந்தார். "வாங்க சார். கால் எப்டி கீது?" என்று ரகுவிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ரகுவுக்கு ஒரு ஸ்டூல், காலுக்கு ஒரு பழைய டயர்.

புல்லர் போட்டுப் பல்சக்கரத்தைத் தளர்த்தினேன். லீவரை முழுக்க முன்னே வைத்துக் கம்பியை இறக்கினேன். பழனி என் நகைக்கடைத் தாளைத் தொட்டுப் பார்த்து, "நாங்க பீடிக்கட்டு பேப்பர்ல பாப்போம். இது இன்னும் மெல்லிசு" என்றார். அவர் இன்ஜினைச் சுற்ற, நான் அளவைப் படித்தேன். பதினொன்றில் நிறுத்தி, தாள் இளகும் இடத்தில் சக்கரத்தை இறுக்கினோம். திரும்பச் சுற்றி அளந்தபோது பத்தே முக்கால். எனக்கு அது போதும் என்றிருந்தது. "அவுருங்க சார். இன்னொரு தபா வெக்கலாம்" என்றார் பழனி. இரண்டாம் முறை சரியாகப் பதினொன்று.

மூடியைப் பூட்டியதும் பெடலைக் காட்டினார். "நீங்க ஒதைங்க."

லீவரைப் பின்னே தள்ளி உதைத்தேன். என் கணுக்காலைப் பற்றி நினைக்காமலில்லை. இரண்டாவது உதையில் பிடித்தது. மெதுவாக, சீராக, இடையில் தட்டும் ஓசை எதுவும் இல்லாமல். ரகு தன்னையறியாமல் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தான். நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன்.

"நல்லா ஓடுது பழனி" என்றான் ரகு. "நான் குரூப்ல டெக்ஸ்ட் போட்டுடறேன். உன் மேல தப்பில்லன்னு."

"என்னப் பத்தி டெக்ஸ்ட்லயா போட்டீங்க சார்?" என்றார் பழனி. "வாய்ஸ்ல போட்டீங்க. முப்பது பேரு கேட்டான். அத என் பொண்ணு கேட்டுச்சு, அதோட ஃபிரண்டு போட்டுக் காட்டி. எழுத்து எவன் படிப்பான்?"

ரகு போனை எடுத்து, குழுவைத் திறந்து, ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி என் வாய்க்கு நேரே நீட்டினான்.

எனக்கு எழுதித்தான் பழக்கம். முதல் முறை கையேட்டு அளவு, பிஸ்டன் நிலை, பல்சக்கர அமைப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "ரெண்டு நிமிஷம் ஆச்சு சார். அதுக்குள்ள எல்லாம் சோறு துன்ன பூடுவானுங்க" என்றார் பழனி. ரகு அதை அழித்தான். இரண்டாம் முறை நகப்பூச்சில் ஆரம்பித்தேன். அது வேண்டாமென்று ரகுவே நிறுத்தினான். மூன்றாம் முறை இவ்வளவுதான் சொன்னேன்: "நான் கோயமுத்தூர் சண்முகம் பேசறேனுங்க. ரகு வண்டிக்கு டைமிங் தப்பா வெச்சது நான். பழனி அந்த மூடியவே திறக்கல. ரகு கால் அடிபட்டதுக்கு என் தப்புதான் காரணம்."

ரகு விரலை எடுக்கவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பி, "நான் விசாரிக்காம பழனியப் பத்திப் பேசிட்டேன். அது என் தப்பு" என்று சேர்த்துவிட்டு விரலை விட்டான். பதினெட்டு நொடி.

டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் இரண்டு பதில்கள் வந்தன, இரண்டும் குரல்தான். ரகு ஒலியைக் கூட்டி வைத்தான். முதலாவது ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒருவர்: "அப்ப அந்தக் கோயமுத்தூர்காரர்கிட்ட யாரும் இன்ஜின் குடுக்காதீங்கப்பா." பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. இரண்டாவது ஒரு வயதானவர்: "ரகு, பழனி பக்கத்துல இருந்தா கேளு. நாளைக்குக் கடை உண்டா? என் வண்டி கார்புரேட்டர் ஒழுகுது."

பழனி முதலாவதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. டீக்கடை அக்காவைக் கூப்பிட்டு அருகே நிற்க வைத்துக்கொண்டு, இரண்டாவதை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.